4.1 வீதம் 2.8 ஆனது எப்படி? மலையகத்தார் எந்தப் பெட்டிக்குள் போனார்கள்

வாசகர் கேள்வி, 3 நவம்பர் 2025, இரவு 9.12

2012 கணக்கெடுப்பில் இலங்கைச் சனத்தொகையில் இந்தியத் தமிழர், அதாவது வெள்ளைக்காரர் காலத்தில் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத்தார், 4.1 வீதம். 2024 கணக்கெடுப்பில் 2.8. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சமூகத்தின் பங்கு மூன்றில் ஒன்று கரைந்திருக்கிறது. மலையக மக்கள் அழிந்துகொண்டிருக்கிறார்களா இல்லையா? சுற்றி வளைக்காமல் யாராவது சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு 10.40

இல்லை.

2012-ல் 8 லட்சத்து 39 ஆயிரம் சொச்சம். இப்போது 6 லட்சம் சொச்சம். இரண்டு லட்சத்துக்கு மேல் ஆட்கள் செத்துப் போயிருந்தால் எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் ஓய்ந்திருக்காது. பிள்ளை பெறுவது குறைந்திருக்கிறது, மத்திய கிழக்குக்குப் போயிருக்கிறார்கள், கொழும்புக்கு வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். நானே அப்படி வந்தவள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது வத்தளையில் வாடகை வீடு, கணக்கு வேலை.

4 நவம்பர், காலை 6.50

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதியது. மத்திய கிழக்குக் கதை நிற்காது. எல்லாச் சமூகத்திலிருந்தும்தான் போகிறார்கள். கொழும்புக்கு வந்தவர்களும் கணக்கில் விழத்தானே வேண்டும்? வத்தளை இலங்கையில்தான் இருக்கிறது.

பஸ்ஸில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. அதே 12 வருஷத்தில் இலங்கைத் தமிழர் 11.1 வீதத்திலிருந்து 12.3-க்கு ஏறியிருக்கிறார்கள். ஆள் கணக்கில் 22 லட்சத்து 69 ஆயிரம் இருந்தது 26 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. நாடு மொத்தமாக 2 கோடியே 3 லட்சத்திலிருந்து 2 கோடியே 17 லட்சத்துக்குத்தான் வந்திருக்கிறது, 7 வீத வளர்ச்சி. இலங்கைத் தமிழர் மட்டும் 18 வீதம் வளர்ந்தார்களாம். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் நாலு பிள்ளை பெறுகிறார்கள்? இருக்கிற ஒன்றும் கனடா விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு பக்கத்தில் குறைந்து மறு பக்கத்தில் ஏறினால் கணக்கு வேலையில் அதை நஷ்டம் என்று எழுத மாட்டோம். கணக்கெடுப்புப் படிவத்தில் ஆட்கள் ஒரு இனப் பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கிறார்கள்.

4 நவம்பர், இரவு 8.30

பெட்டி யார் செய்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வெள்ளைக்காரன். 1911 கணக்கெடுப்பில்தான் தமிழரை முதன்முதலாக இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். அப்போது இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம், ஆளுக்கு 13 வீதத்தை ஒட்டி. அதற்கு முன்னால் எல்லாரும் வெறும் தமிழர்.

1971-ல் எங்கள் பெட்டியில் 11 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். 1981-ல் 8 லட்சத்து 18 ஆயிரம். அந்த வீழ்ச்சி முழுக்க சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் வந்தது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒன்பதே முக்கால் லட்சம் பேரை மேசையில் வைத்து, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். அந்த மீதியை 1974-ல் பாதிப் பாதி. கோழிக்குஞ்சு பங்கு போடுவதென்றாலும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

6 நவம்பர், மதியம் 1.05

வவுனியாக்காரர் திருத்தியிருக்கிறார், சரிதான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வன்னிக்கு ஓடிப்போனவர்கள் நிறையப் பேர். 81-ல் கணக்கெடுக்க வந்தபோது அவருடைய அப்பா "இலங்கைத் தமிழர்" என்றே எழுதச் சொன்னாராம். "இந்திய என்று போட்டால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம்" என்கிறார். ஆக நான் "முழுக்க" என்று எழுதியது தப்பு. பெட்டி மாறுவது நாற்பது வருஷத்துக்கு மேலான பழக்கம். இந்த முறை பயம் இல்லாமல் மாறியிருக்கிறார்கள். அதுதான் புதிது.

8 நவம்பர், இரவு 11.20

சனிக்கிழமை, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், நீளமாக எழுதப் போகிறேன்.

"அடையாளம் அடையாளம் என்று அடித்துக்கொள்கிறீர்கள், அந்த மக்கள் எதை அடையாளமாக நினைக்கிறார்கள்?" என்று மேலே ஒரு பல்கலைக்கழக மாணவர் கேட்டிருக்கிறார். தம்பி, தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகவேண்டும். கங்காணி எந்த மலை என்று சொல்வார், அஞ்சாம் நம்பர் மலை, ஸ்டோர் மலை என்று. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கூடை மாட்டி ஏறவேண்டும். மத்தியானம் ஒரு நிறுவை, சாயந்திரம் ஒரு நிறுவை. கிலோ சரியாக இருந்தால் செக்ரோலில், அதுதான் தோட்டத்து வேலைப் பதிவேடு, ஒரு பேர் விழும். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் உனக்கு எத்தனை பேர்?" என்பதுதான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் கேட்டுக்கொள்கிற கேள்வி. "20 பேர், அதுல ரெண்டு அரைப்பேர்" என்று பதில் வரும். எனக்கு ஏழெட்டு வயது வரைக்கும் பேர் என்றால் சம்பள நாள் என்றுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஐயா "உன் பேர் என்ன?" என்று கேட்டபோது "எனக்கு இன்னும் பேர் போடல" என்றேனாம். அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பேரோடு எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. பேர் பதிந்திருந்தால் லயத்தில் ஒரு காம்பரா, அதாவது அறை, உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு, திண்ணை மாதிரி. பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விடலாம். டிஸ்பென்சரியில் மாத்திரை கிடைக்கும். செத்தால் குழி வெட்டப் போகிறவனுக்கும் தோட்டம் பேர் போடும். பேர் இல்லாதவன் லயத்தில் இருந்தாலும் விருந்தாளிதான். வேலையும் வீடும் ஊரும் ஒரே பதிவில் கிடந்த வாழ்க்கை அது. 1972, 75-ல் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992-ல் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. துரை மாறினார், ஜீப் மாறியது. காம்பரா மாறவில்லை.

இப்போது அந்தக் கட்டு அவிழ்ந்துகொண்டிருக்கிறது. தம்பி பெண்சாதி கைக்காசுக்குத்தான் கொழுந்து பறிக்கிறாள். பறித்த கிலோவுக்குக் காசு. பெரட்டு இல்லை, ஈபிஎஃப் சேமலாப நிதி இல்லை, பேரும் இல்லை. நேற்றைய பட்ஜெட்டில் நாள் சம்பளம் 1750 என்றார்கள், 1550-ம், வேலைக்கு வருகிற நாளுக்கு அரசு தருகிற 200-ம் சேர்த்து. ஆயிரம் ரூபாய் கேட்கத் தொடங்கியது 2015-ல், அது வர்த்தமானிக்கு வர 2021 ஆயிற்று என்பதை நினைத்தால் நல்ல செய்திதான். ஆனால் பேரே இல்லாதவளுக்கு 1750 எங்கே விழும்?

இதை ஏன் இழுத்தேன் என்றால், பெட்டிப் பிரச்சினைக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் தோட்டத்து வேலை உங்களை யாரென்று தீர்மானித்தது. அடையாள அட்டை தேவையில்லை, கையில் கொழுந்துக் கறை போதும். வேலை கழன்றதும் வெறும் பெயர்தான் மிஞ்சுகிறது. வெறும் பெயரை யாரும் மாற்றிக்கொள்ளலாம், சட்டை மாதிரி.

9 நவம்பர், காலை 9.15

கூடலூர்க்காரர் போட்ட செய்திக்கு எத்தனை பேர் சிரித்திருக்கிறீர்கள் பாருங்கள். அவருடைய தாத்தா 1970-களில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். மூன்றாம் தலைமுறை. "ஊர்ல இன்னும் எங்களைச் சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க" என்கிறார். இங்கே பிறந்த என்னை இந்தியத் தமிழர் என்கிறார்கள், அங்கே பிறந்த அவரைச் சிலோன்காரர் என்கிறார்கள். ஆளை மாற்றிக்கொண்டால் இரண்டு அரசாங்கத்துக்கும் வேலை மிச்சம்.

அங்கேயும் டஸ்ட் தூள்தான் குடிக்கிறீர்களா என்று அவர் கேட்டதற்கு ஒரு பதில் பாக்கி: ஆமாம், இங்கேயும் தேயிலை பறிப்பவர்கள் குடிப்பது டஸ்ட்தான். நல்ல தூள் கப்பலில் போகிறது.

12 நவம்பர், இரவு 12.05

நாலு நாளாக இந்த இழையைத் திறந்து திறந்து மூடினேன்.

8-ம் தேதி "சட்டை மாதிரி" என்று பெரிய மனுஷி மாதிரி எழுதினேன் இல்லையா. அந்த இரண்டு லட்சத்தில் நானும் ஒருத்தி.

2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, மலையகத்தார் வந்து 200 வருஷம் என்று, மாண்புமிகு மலையக மக்கள் நடைபயணம், அதில் கடைசி இரண்டு நாள் நானும் நடந்தேன். செருப்பு அறுந்தது. காட்டுப் பாதையில் வந்து பாதிப்பேர் வழியிலேயே செத்த கதை அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன், தார் ரோட்டில் நடக்கும்போதும் தொண்டை அடைத்தது. மாத்தளையில் போய் அழுதேன், படமும் எடுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் கழித்து கணக்கெடுக்க டேப்லட்டோடு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். நான் குசினியில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம். இனம் என்ன என்று அவள் கேட்க, இவர் "எல்லாரும் இலங்கைத் தமிழர்தான்" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. பெட்டியில் இந்தியத் தமிழர், மலையகத் தமிழர் இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரு தெரிவு இருக்கிறது என்பதும் தெரியும், அதற்காகக் கையெழுத்து வாங்கியவர்களில் என் சிநேகிதிகளே இருந்தார்கள். நான் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, சொல்லவில்லை.

கடுகைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றாள். "இந்திய" என்ற சொல் வாயில் வந்தால் அடுத்த கேள்வி வரும். எங்கள் மாமி நல்ல மனுஷி, ஆனால் சொந்தக்காரர் கேட்டால் "மருமகள் நுவரெலியா" என்பார். தோட்டத்தின் பெயரை இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட உச்சரித்ததில்லை.

என் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர். மகளுடையதில் இலங்கைத் தமிழர். அவளை அது எந்த விதத்திலும் உறுத்தவில்லை. வகுப்பில் ஆசிரியர் "மலையகத் தமிழர்" பாடம் நடத்தினாராம், வந்து "அம்மா, தெரியுமா, அவங்க ரொம்பப் பாவம்" என்றாள்.

12 நவம்பர், இரவு 12.20

திட்டப்போகிறவர்கள் நாளைக்குத் திட்டுங்கள். காலையில் ஒஃபிஸ்.

15 நவம்பர், மாலை 6.40

அம்மாவுக்கு போன் போட்டேன். அவளும் தம்பி குடும்பமும் இன்னும் அதே லயம். அம்மாவுக்கு 68. 

"கணக்கெடுக்க வந்தாங்களே, என்னான்னு சொன்ன?"

"அந்தப் புள்ள ரெண்டு மூணு சொல்லிச்சு. எதப் போட்டா அஸ்வெசும, அதான் அரசாங்கம் குடுக்குற உதவிக் காசு, நிக்காதுன்னு கேட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல பாட்டின்னுச்சு. அப்ப நீயே எதையாச்சும் போட்டுக்கன்னுட்டேன்."

"அவ என்ன போட்டா?"

"எனக்கென்ன தெரியும், தமிழுன்னுதான் போட்டிருப்பா. பின்ன சைனாக்காரின்னா போடுவா?"

பாட்டனார் எந்த ஊர் என்று கேட்டால் அம்மா "திருச்சிப் பக்கம்" என்பாள். திருச்சியில் எங்கே? "பக்கம்." அவ்வளவுதான் இந்தியா.

ஆனால் தகரப் பெட்டியில் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிறது, 1949 சட்டத்தின் கீழ் பதிவு செய்து வாங்கியது. முந்தின வருஷம், 1948-ல், சட்டம் போட்டு நாடற்றவராக்கியதற்கு அடுத்த பத்திரம். பதிவுப் பிரஜை, பரம்பரைப் பிரஜை என்ற வித்தியாசம் 1978 அரசியலமைப்போடு போயிற்று. 2003-ல் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் சட்டம் வந்துவிட்டது. இனி அந்தக் காகிதத்தால் ஒரு வேலையும் இல்லை. தூக்கிப் போடேன் என்றால் அடிக்க வருவாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டு வைத்திருக்கிறாள்.

16 நவம்பர், மதியம் 12.30

திட்டு வந்துவிட்டது. "நடைபயணத்தில் அழுகை, வீட்டில் பருப்பு" என்று ஒருவர். ஒப்புக்கொள்கிறேன், நல்ல வரி.

இன்னொருவர் அம்மாவைக் காட்டி, "பார்த்தீர்களா, சாதாரண மக்களுக்கு இந்தப் பெயரெல்லாம் பொருட்டில்லை, படித்தவர்கள்தான் அடையாளம் பேசுகிறார்கள்" என்கிறார். 8-ம் தேதி நான் எழுதியதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அவர் எழுதிப் படிக்கும்போது பிடிக்கவில்லை. ஏன் என்று யோசித்துச் சொல்கிறேன்.

23 நவம்பர், இரவு 9.50

யோசித்தேன். 8-ம் தேதி எழுதியதில் பாதி பிழை.

வேலை கழன்றால் அடையாளம் கழன்றுவிடும் என்பது சரியில்லை. "மலையகம்" என்ற சொல்லையே பாருங்கள். கூடையோடு மலையேறுகிறவள் அதைச் சொல்வதில்லை, அவளுக்குத் தோட்டம், லயம், நம்ம ஆளுக. 1960-களில் படித்து வந்த முதல் தலைமுறை, இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள், அந்தச் சொல்லைப் பிடித்துத் தூக்கினார்கள். தோட்டக்காட்டான், கள்ளத்தோணி என்று ஊரார் இழிவாகச் சொன்னதற்குப் பதிலாக நாமே வைத்துக்கொண்ட பெயர். தோட்டத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்தவர்களுக்குத்தான் அந்தப் பெயர் தேவைப்பட்டது, உள்ளே இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட செக்ரோல் இருந்தது. ஆக வேலை கழன்ற இடத்தில் பெயர் கரையவில்லை, பிறந்திருக்கிறது.

வெளியே வந்த ஒரே காரணத்தால் ஒருவர் மாத்தளை வரை நடக்கிறார், இன்னொருவர் பெட்டி மாறுகிறார். என் வீட்டில் அந்த இரண்டு பேரும் ஒரே ஆள். இதற்குச் சமூகவியலில் என்ன பெயரோ, அந்த மாணவர் சொல்லட்டும்.

அம்மாவுக்குப் பொருட்டில்லை என்றதும் அவசரம். மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும்போது வந்து பாருங்கள். ரதி வேஷம் யார் கட்டுவது, தப்பு யார் அடிப்பது, முதல் தீபாராதனை எந்த லயத்துக்கு என்று ஊரே பேசும். அம்மா சண்டைக்கே போவாள். அங்கே யார் யாரென்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தத் துல்லியத்தில் சாதியும் இருக்கிறது, அதை மறைத்து "நம் பண்பாடு" என்று மெழுக எனக்கு விருப்பமில்லை. பழைய கங்காணி வீட்டுப் பரம்பரையும் மற்றவர்களும் ஒரே மாதிரிக் காம்பராவில்தான் இருந்தார்கள், ஆனால் ஒரே குவளையில் தேத்தண்ணி குடிக்கவில்லை. இது தனி இழைக்கான விஷயம், யாராவது தொடங்குங்கள்.

24 நவம்பர், காலை 7.10

"காமன் கூத்தை வேர்ல்ட் ஹெரிடேஜ் ஆக்கவேண்டும்" என்று கீழே ஒருவர். முதலில் பீலியில் தண்ணீர் வரட்டும் ஐயா.

17 டிசம்பர், இரவு 10.15

இங்கே வர மனமில்லாமல் இருந்தது. டித்வா புயல் நவம்பர் 28-ம் தேதி கரையேறியதிலிருந்து எங்களுக்கு வேறு யோசனை இல்லை. நாட்டில் 600-க்கும் மேல் உயிர் போயிற்று. நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கம் மலையே இறங்கி வந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். விசாரித்தவர்களுக்கு நன்றி. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, இனி அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இழையை இன்று திறந்ததற்குக் காரணம், தம்பி நிரப்பச் சொல்லி அனுப்பிய நிவாரணப் படிவம். வீட்டின் உரிமையாளர் யார், உறுதிப் பத்திரம் உண்டா, வீட்டு இலக்கம் என்ன என்று கேட்கிறது. நாலு தலைமுறை இருந்த காம்பரா. உரிமையாளர் தோட்டம், அதாவது கம்பெனி, அதாவது கம்பெனிக்குக் குத்தகை கொடுத்த அரசாங்கம். இலக்கம் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஒஃபிஸுக்கு வரும், அங்கேயிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. 7 பேர்ச் துண்டுக் காணியில் வீடு கட்டிக் கொடுத்த வரிசை கீழ்ப் பிரிவில் இருக்கிறது, எங்கள் பக்கத்துக்கு வரவில்லை. தம்பி "7-ம் லயம், 3-ம் காம்பரா" என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே இனம் என்று ஒரு கோடும் இருக்கிறது. அதை வெறுமனே விட்டு எனக்கு அனுப்பியிருக்கிறான். அக்கா படித்தவள் இல்லையா.

மலையகத் தமிழர் என்று எழுதிவிட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இதற்காக யாரும் கைதட்ட வேண்டாம், அவனுடைய படிவம், என்னுடையது அல்ல.

17 டிசம்பர், இரவு 10.40

அம்மாவோடு இப்போதுதான் பேசினேன். தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் லயத்தை விட்டு இறங்கினாளாம். தம்பி அரிசியை எடு என்று கத்த, இவள் பெட்டியை எடுத்திருக்கிறாள்.

"சாமான் குடுக்குற லிஸ்ட்ல உன் பேர் இருக்கா அம்மா?"

"போட்டுட்டாக. அரைப்பேரு இல்ல, முழுப்பேரு."

சனிக்கிழமை போகிறேன். ரயில் இன்னும் இல்லை, பஸ்தான். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது எந்த ரோடு திறந்திருக்கிறது என்று இங்கே போடுங்கள். போர்வையும் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் சேர்த்து வைத்திருக்கிறேன், இரண்டு பை ஆகிவிட்டது.